சேரியிலிருந்து போன சொல்லும் நியூயார்க் பெண்ணின் சட்டையும்

தமிழ்நாட்டு வயல்களில் உழைத்து ஊருக்கெல்லாம் சோறு போட்ட மக்களின் பெயர் ஒன்று நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கப்பல் ஏறிப் போயிற்று. போர்த்துக்கீசியன் அதைத் தன் ஏட்டில் குறித்தான். ஆங்கிலேயன் அதைத் தன் அகராதியில் சேர்த்தான். பறை என்ற வாத்தியத்தின் பெயரோடு சேர்ந்து வழங்கிய அந்த ஜாதிப் பெயரை அவன் எப்படி எழுதினான் தெரியுமா? 'பரையா' என்று. அதற்கு என்ன பொருள் எழுதினான்? ஊரார் ஒதுக்கி வைத்தவன், யாரும் பக்கத்தில் சேர்க்காதவன் என்று! தெருவில் திரியும் நாட்டு நாய்க்குக்கூட வெள்ளைக்காரத் துரைமார் அந்தப் பெயரையே வைத்து அழைத்தார்கள். துரைமார் போய்விட்டார்கள். சொல் போகவில்லை. ஒரு தேசத்தை மற்றத் தேசங்கள் ஒதுக்கி வைத்தால் இங்கிலீஷ் பத்திரிகைகள் இன்றும் அந்தச் சொல்லைத்தான் தலைப்பில் போடுகின்றன. அது உயிரோடு வாழும் லட்சக்கணக்கான உழைப்பாளிகளின் பெயர் என்ற நினைப்பு எழுதுகிறவர்களுக்கு வருவதில்லை.

அந்தச் சொல்லையே பெயராகக் கொண்டு 2007இல் அமெரிக்காவில் ஒரு குறும்படம் வந்தது. அரை மணி நேரங்கூட ஓடாத படம். எழுதி எடுத்தவர் டீ ரீஸ் என்ற கறுப்பினப் பெண். அப்போது அவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமாத் தொழில் படித்துக்கொண்டிருந்த மாணவி. படிப்பின் முடிவில் ஒப்படைக்க வேண்டிய வேலையாக இதைச் செய்தார். கதை நம் நாட்டைப் பற்றியதல்ல, ஜாதியைப் பற்றியதுமல்ல. நியூயார்க் நகரத்தில் அப்பா, அம்மா, தங்கையோடு வாழும் அலீக்கே என்ற பதினேழு வயதுக் கறுப்பினப் பெண்ணின் கதை. அவள் பெண்களை நேசிக்கிறவள். லெஸ்பியன் என்று இப்போது நம் பத்திரிகைகளும் எழுதுகின்றனவே, அதுதான். வீட்டுக்கு ஒரு கோலம், வெளியே ஒரு கோலம் என்று இரண்டுக்கும் நடுவில் அவள் தவிக்கிறாள்.

மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. "இதெல்லாம் பங்களா வீட்டு வியாதி, வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டு" என்று சொல்லும் தோழர்களும் உண்டு. டீக்கடையிலும் சங்க ஆபீஸ் திண்ணையிலும் இந்தப் பேச்சு காதில் விழாமல் இல்லை. அந்தத் தோழர்களோடுதான் நாம் வாதாட விரும்புகிறோம். சாட்சிக்கு இந்தப் படத்தையே அழைக்கிறோம்.

படத்தின் தொடக்கத்தில் ஒரு பஸ் வருகிறது. இரவு நேரம். பெண்கள் கூடும் ஆட்ட பாட்ட விடுதியிலிருந்து அலீக்கே வீடு திரும்புகிறாள். தலையில் தொப்பி; உடம்பில் ஆண்பிள்ளைகள் போடுவது போன்ற தொளதொளத்த சட்டை. தோழி இறங்கிப் போனபின் அவள் தன் ஆசனத்தில் உட்கார்ந்தபடியே தொப்பியைக் கழற்றுகிறாள். மேல்சட்டையைக் கழற்றுகிறாள். உள்ளே அம்மாவுக்குப் பிடித்த மாதிரியான சட்டை. காதில் தொங்கட்டான்களை மாட்டிக்கொள்கிறாள். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. வீட்டு வாசலை மிதிக்கும்போது அவள் வேறொருத்தி.

சிரிக்க வேண்டிய காட்சியா இது? ஒரு மனிதப் பிறவி தன் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் தன்னையே உரித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறது. வீட்டில் அவளுக்குச் சோறு இருக்கிறது, படுக்கை இருக்கிறது, பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட அப்பா இருக்கிறார். அத்தனைக்கும் வாடகை அந்தத் தொங்கட்டான்!

இதைப் புரிந்துகொள்ள நம் மக்களுக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. யார் எதை உடுத்தலாம் என்று இன்னொருவன் தீர்மானித்த கொடுமையை நம்மைவிட அதிகமாக அனுபவித்தவர் யார்? திருவிதாங்கூர் ராஜ்யத்தில் பெண்கள் தோளில் சீலை போட்டதற்காக அடிபட்டார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் மேலே துணி போர்த்திக்கொள்ள ராஜா உத்தரவு போட்டார். அதுவும் மேல்ஜாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்ற நிபந்தனையோடு! 1930இல் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்க ஜாதியார் எட்டுத் தடைகளை விதித்தார்கள். அந்த எட்டில் என்னென்ன இருந்தன? ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது. சட்டை, பனியன் போடக்கூடாது. தலைமுடியை வெட்டிக்கொள்ளக்கூடாது. பெண்கள் ரவிக்கை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. தஞ்சாவூர்ப் பண்ணைகளில் துண்டைத் தோளில் போட்டபடி மிராசுதார் முன்னால் நின்றவனுக்கு என்ன கிடைத்தது என்பதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சட்டை, முடி, துண்டு, செருப்பு. இவை அற்ப விஷயங்களாக இருந்தால் எதற்காக எட்டுக் கட்டளை போட்டுத் தடுத்தார்கள்? 'நான் இன்னார்' என்று ஒருவர் வாய் திறக்காமலே உலகத்துக்குச் சொல்வது உடுப்பினால்தான். அதனால்தான் அடக்க நினைக்கிறவன் முதலில் உடுப்பில் கை வைக்கிறான்.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். ராமநாதபுரத்தில் தடை போட்டவன் எதிரி. கையில் தடியோடு வந்தான். அவனை எதிர்த்துச் சேரியே ஒன்றாக நிற்க முடிந்தது. நியூயார்க் பெண்ணுக்குத் தடை போடுகிறவள் பெற்ற தாய். கடையிலிருந்து ஆசையாய்ப் புதுச் சட்டை வாங்கிக்கொண்டு வந்து, 'இதைப் போட்டுக்கொள், கோயிலுக்குப் போகலாம்' என்கிறாள். இதை எதிர்த்து யாரோடு சேர்ந்து நிற்பது? சேரிப் பிள்ளை அடிபட்டு வந்தால் அம்மா மடியில் படுத்து அழுதான். இந்தப் பெண்ணுக்கு அந்த மடியும் கிடையாது. இரண்டு கொடுமைகளையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஒன்றை அறிந்தவனால் மற்றதை அறிய முடியும் என்கிறோம்.

படம் அதோடு நிற்கவில்லை. இங்கேதான் டீ ரீஸின் நேர்மை தெரிகிறது. அலீக்கேயின் தோழி லாரா முடியை ஒட்ட வெட்டி, ஆண்பிள்ளை போல உடுத்தி, ஆண்பிள்ளை போல நடப்பவள். அவளுக்கு அது பொருந்துகிறது. அது அவளுடைய சொந்த உடம்பு போல இருக்கிறது. அவள் அலீக்கேயையும் அந்தக் கோலத்துக்குள் கொண்டுவரப் பார்க்கிறாள். பெண்ணை நேசிக்கிறவள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்கள் கூட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அலீக்கேக்கு அந்தத் தொப்பியும் முழுதாகப் பொருந்தவில்லை! அம்மா வாங்கிய சட்டை இறுக்குகிறது. தோழி கொடுத்த கோலம் தொங்குகிறது. அவள் நோட்டுப் புத்தகத்தில் கவிதை எழுதுகிற, அதிகம் பேசாத பெண். பெண்ணை நேசிப்பது அவளுக்கு நிச்சயம். எந்தச் சட்டையில் நின்று நேசிப்பது என்பதைத்தான் அவள் தேடுகிறாள்.

உடுப்பும் நேசமும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன படம் வேறு எதையும் நாம் அறியோம். முடி வெட்டிய பெண்ணைக் கண்டால் ஏளனம் செய்பவனும் தப்பு. பின்னல் போட்ட பெண்ணைக் கண்டு 'இவள் அப்படி இருக்கமாட்டாள்' என்று முடிவு கட்டுகிறவனும் தப்பு.

படம் பிடித்தவர் பிராட்ஃபோர்டு யங் என்ற கறுப்பினக் கலைஞர். அவரும் ரீஸும் சேர்ந்து செய்த வேலை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அலீக்கேயின் முகத்தில் அவள் இருக்கும் இடத்தின் வெளிச்சமே விழுகிறது. ஆட்ட விடுதியில் அதன் வர்ண விளக்குகள் அவள்மேல் சாயம் பூசுகின்றன. பஸ்ஸில் பஸ்ஸின் விளக்கு. பச்சோந்தி போல அவள் இடத்துக்கு இடம் நிறம் மாறுகிறாள். சாயப்பட்டறையில் வேலை செய்கிற தோழர் எவரும் இதை நொடியில் பிடித்துக்கொள்வார்.

இனி லாராவின் கதை. இது குறும்படத்தின் கதையை விரித்து 2011இல் ரீஸ் எடுத்த முழுப் படத்தில் வருகிறது. பெண்களை நேசிக்கிறாள் என்பதற்காக லாராவை அவள் தாய் வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள். அக்காவின் வீட்டில் ஒண்டியிருக்கிறாள். பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் கண் விழித்துப் படித்து, பள்ளிப் படிப்புக்குச் சமமான பரீட்சையில் தேறுகிறாள். அதைச் சொல்வதற்காகத் தாய் வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். கதவைத் திறந்த தாய் மகளைப் பார்க்கிறாள். மகள் சொல்வதைக் கேட்கிறாள். ஒரு பேச்சும் பேசாமல் கதவைச் சாத்திவிடுகிறாள்.

தோழர்களே, இவள் பங்களா வீட்டுப் பெண்ணா? வயிறு நிறைந்து விளையாடுகிறவளா? வேலை போனால் கூரை போய்விடும் என்ற நிலையில் இருக்கும் பாட்டாளிப் பெண் இவள். பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு இந்த நேசம் வந்தால் தனி வீடு எடுத்துக்கொள்ளலாம், வெளியூர் போகலாம், வக்கீல் வைக்கலாம். ஏழை வீட்டுப் பெண்ணுக்கு எது உண்டு? அம்மா கதவைச் சாத்தினால் தெருதான். 'மேட்டுக்குடி வியாதி' என்று சொல்கிறவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். மேட்டுக்குடியினரிடம் இருப்பது இந்த நேசத்தை மறைத்து வாழவும் வெளிப்படையாக வாழவும் தேவையான பணம். ஏழையிடம் அது இல்லாததால் ஏழையின் கதை வெளியே வருவதே இல்லை. அவ்வளவுதான்.

கதை வெளியே வருவதில்லை என்றோமே, அதற்குக் காரணம் ஏழைகளின் வெட்கம் மட்டுமல்ல. படம் பிடிக்கும் கருவி யார் கையில் இருந்தது என்று பாருங்கள். ஹாலிவுட் முதலாளிகள் தாங்களே ஒழுக்க விதிகள் எழுதிக்கொண்டு 1934 முதல் கண்டிப்பாக அமல் நடத்தினார்கள். அந்த விதிப்படி ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசித்தாள் என்று திரையில் காட்டவே கூடாது. அதே 1934இல் லில்லியன் ஹெல்மன் என்ற நாடக ஆசிரியர் இதை வைத்து 'தி சில்ரன்ஸ் அவர்' என்ற நாடகம் எழுதியிருந்தார். பிற்பாடு 1952இல் அமெரிக்கப் பார்லிமெண்டின் கம்யூனிஸ்ட் வேட்டைக் கமிட்டி முன்னால் நிறுத்தப்பட்டாரே, அதே ஹெல்மன்தான். இரண்டு பள்ளிக்கூட ஆசிரியைகள். அவர்கள் காதலர்கள் என்று ஒரு சிறுமி கிளப்பிய வதந்தி. அதனால் பாழான வாழ்க்கை. 1936இல் இதைப் படமாக்கியபோது என்ன செய்தார்கள்? பெண்ணை நேசித்த கதையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒருத்தியின் வருங்காலப் புருஷனோடு மற்றவளுக்குத் தொடர்பு என்று மாற்றினார்கள்! விதி தளர்ந்தபின் 1961இல் அதே டைரக்டர் வில்லியம் வைலர் கதையை மாற்றாமல் மறுபடியும் எடுத்தார். அதில் நேசித்தவள் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். முதலில் இல்லாமல் ஆக்கினார்கள். பிறகு காட்டிக் கொன்றார்கள்.

பெரிய கம்பெனிகளின் வாசல் இப்படிச் சாத்தியிருந்தபோது சந்து வழியாக வந்ததுதான் குறும்படம். ஸ்டூடியோ கிடையாது; வினியோகஸ்தர் கிடையாது; நட்சத்திரம் கிடையாது. கையில் ஒரு காமிரா, கூட நாலு சிநேகிதர்கள். 1974இல் பார்பரா ஹாமர் என்பவர் நாலு நிமிஷமே ஓடும் 'டைக்டாக்டிக்ஸ்' என்ற படத்தை எடுத்தார். பெண்ணை நேசிக்கும் பெண் தன் நேசத்தைத் தானே படமாக்கியவற்றில் இதையே முன்னோடி என்று சொல்கிறார்கள். படம் பெரும்பாலும் வெட்டவெளியும் உடம்புமாக இருக்கும். நம் கொட்டகைக்கு ஏற்றதென்று சொல்லமாட்டோம். அதைவிட நம்மைத் தொட்டது ஒரு பொம்மைக் காமிராவின் கதை.

ஃபிஷர் பிரைஸ் என்ற பொம்மைக் கம்பெனி 1987இல் குழந்தைகளுக்கென்று ஒரு காமிரா விற்றது. பாட்டு கேட்கும் சாதாரண ஒலிநாடாவில் படம் பதிவாகும். கறுப்பு வெள்ளை, புள்ளி புள்ளியாய் மங்கலாய்த் தெரியும். வியாபாரம் ஓடவில்லை; கம்பெனி சீக்கிரமே கைவிட்டுவிட்டது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1973இல் பிறந்த சாடி பென்னிங்குக்கு, படம் எடுப்பவரான அப்பா அந்தப் பொம்மையை வாங்கிக் கொடுத்தார். பதினைந்து பதினாறு வயது. பென்னிங் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் முகத்தையே படம் பிடித்தார். முகத்தோடு ஒட்டிப் பிடித்தால்தான் அந்தப் பொம்மையில் சரியாய் விழும்! காகிதத்தில் கிறுக்கிய எழுத்துக்களை ஓடவிட்டார். மீசை வரைந்துகொண்டார், ரவுடியாக வேஷம் போட்டார், அழகியாகவும் வேஷம் போட்டார். ஹாலிவுட் அடைத்து வைத்திருந்த ஆண் வேஷம், பெண் வேஷம் எல்லாவற்றையும் படுக்கையறைக்குள் இறக்கி, மாட்டிப் பார்த்துக் கழற்றிப் போட்டார். 1989இல் 'மீ அண்ட் ரூபிஃப்ரூட்', 1992இல் 'இட் வாஸன்ட் லவ்'. 1993இல் நியூயார்க்கின் விட்னி மியூசியம் தன் பெரிய கண்காட்சியில் பென்னிங்கின் படங்களை வைத்தது. முதலாளி லாபமில்லை என்று தூக்கி எறிந்த பொம்மை!

கறுப்பினப் பெண்களில் இந்த வழியைத் திறந்தவர் செரில் டூனியே. பிறந்தது லைபீரியா, வளர்ந்தது பிலடெல்பியா. 1990இல் அவர் எடுத்த 'ஜனீன்' என்ற சிறு படத்தில் காமிராவைப் பார்த்து உட்கார்ந்து பேசுகிறார், அவ்வளவுதான் படம். பள்ளிக்கூடத்தில் தன்னோடு படித்த வசதியான வெள்ளைக்காரப் பெண்மேல் தான் வைத்திருந்த ஆசையைச் சொல்கிறார். சொல்லச் சொல்ல, அங்கே இருந்த தடை பெண் பெண்ணை நேசிப்பது மட்டுமல்ல, நிறமும் பணமுந்தான் என்பது வெளியே வருகிறது. அடுத்த ஆண்டு 'ஷி டோன்ட் ஃபேட்'. அதில் அவர் தெருவில் சாமான் விற்கும் பெண்ணாக நடித்தார். நடுவில் நடிகர்கள் வேஷத்தைவிட்டு வெளியே வந்து கதையைப் பற்றியே பேசிவிட்டுத் திரும்பவும் உள்ளே போகிறார்கள். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இராது.

டூனியே 1996இல் முழுப் படம் எடுத்தார். பெயர் 'தி வாட்டர்மெலன் வுமன்'. ஒரு கறுப்பின லெஸ்பியன் எடுத்த முதல் முழுநீளப் படம் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். அந்தப் படத்துக்கு அமெரிக்க சர்க்காரின் கலை நிதியிலிருந்து 31,500 டாலர் கிடைத்திருந்தது. உடனே கூச்சல் கிளம்பிவிட்டது! ஜனங்களின் வரிப்பணத்தை இப்படியா செலவழிப்பது என்று வாஷிங்டன் பத்திரிகையில் எழுதினார்கள்; பார்லிமெண்டில் பீட்டர் ஹோக்ஸ்ட்ரா என்ற அங்கத்தினர் எழுந்தார். பீரங்கிக்கும் விமானத்துக்கும் கோடி கோடியாய்க் கொட்டுகிற சபையில் 31,500 டாலருக்குக் கணக்குக் கேட்டார்கள். கறுப்பினப் பெண்களும் வரி கட்டுகிறார்கள், பெண்ணை நேசிக்கும் பெண்களும் வரி கட்டுகிறார்கள் என்பது அந்தக் கனவான்களுக்குத் தோன்றவில்லை. கால் நூற்றாண்டு கழிந்து 2021இல் அதே சர்க்காரின் காங்கிரஸ் நூலகம், தேசம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. மறு ஆண்டு, 2022இல், டீ ரீஸின் 'பரையா'வையும் சேர்த்தது.

ரீஸ் உண்மையில் முழுப் படத்துக்கே கதை எழுதி வைத்திருந்தார். அதன் முதற்பகுதியைத்தான் மாணவியாக இருந்தபோது குறும்படமாக எடுத்தார். மிச்சத்தை எடுத்து வெளியிட நாலு ஆண்டுகள் ஆயின. 2011 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் திரையிட்டபோது பிராட்ஃபோர்டு யங்குக்கு ஒளிப்பதிவுப் பரிசு கிடைத்தது. டிசம்பர் கடைசியில் கொட்டகைகளுக்கு வந்தது. இரண்டிலும் அலீக்கேயாக நடித்தவர் அடெப்பெரோ ஒடூயே. பிற்பாடு ரீஸ் 2017இல் 'மட்பவுண்ட்' என்ற படம் எடுத்தார். மிசிசிப்பி சேற்று நிலத்தில் குத்தகைக்கு உழும் கறுப்பினக் குடும்பத்தையும் நிலத்துக்குச் சொந்தக்காரரான வெள்ளைக்காரக் குடும்பத்தையும் பற்றிய கதை. குத்தகை விவசாயி படும்பாட்டை அறிந்த நம்மவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

முழுப் படத்தில் நமக்கு ஒரு குறை உண்டு. முடிவில் அலீக்கேயின் உண்மை வீட்டில் வெடிக்கிறது. தாய் அவளை அடிக்கிறாள். போலீஸ் உத்தியோகஸ்தரான அப்பா மனம் இளகினாலும் வீட்டைத் திருத்த முடியவில்லை. கெட்டிக்காரியான அலீக்கேக்குக் கலிபோர்னியாவில் படிக்க இடம் கிடைக்கிறது. பஸ் ஏறிப் போகிறாள். தப்பி ஓடவில்லை, தானே தேர்ந்து போகிறாள் என்று படம் அழுத்திச் சொல்கிறது. சரி, போகட்டும், வாழட்டும்! ஆனால் லாரா? அவளுக்குக் கலிபோர்னியா இல்லை. அவள் அதே தெருவில், அதே வேலையில், அதே அக்கா வீட்டில் இருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம், மற்றவர்களுக்குச் சாத்திய கதவு என்பது எந்த ஊரிலும் தீர்வாகாது. குறும்படத்தில் இந்தத் தப்பிக்கும் வழி இல்லை. அது கதையின் முதற்பகுதியோடு நின்றுவிடுகிறது. அதனாலேயே குறும்படம் நமக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது. அலீக்கேயும் லாராவும் அங்கே ஒரே ஊரில் இருக்கிறார்கள்.

தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவளை ராட்சசியாக்கிப் பார்ப்பது சுலபம். அவளும் வேலைக்குப் போகிறவள்தான். வேலை செய்யும் இடத்தில் கூட இருப்பவர்கள் அவளோடு ஒட்டுவதில்லை. புருஷன் இரவில் எங்கே போகிறான் என்று தெரியவில்லை. மாதா கோயில் ஒன்றுதான் ஆதாரம். மகள் ஊர் மெச்சும்படி இருந்துவிட்டால் தனக்கும் ஒரு கௌரவம் வரும் என்று ஏங்குகிறாள். தன் தலைமீது ஏறியிருக்கும் பாரத்தை மகள் தலையில் இறக்குகிறாள். இந்தத் தாயை நம் தெருவில் நாம் தினமும் பார்க்கிறோம். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற அந்த நாலு பேருக்குப் பயந்து மகளை அடிக்கும் அம்மா நியூயார்க்கில் மட்டுமா இருக்கிறாள்?

மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் நேசித்து, வீட்டில் எதிர்ப்பு வந்ததும் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் 'காணவில்லை' என்று போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். போலீஸ் துருவத் தொடங்கியதும் அந்தப் பெண்கள் பாதுகாப்புக் கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனார்கள். தங்க இடமும் பிழைக்க வேலையுந்தான் அவர்களுடைய முதல் கவலை. 2021 ஜூனில் சென்னை ஐகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வயது வந்தவர்கள் தாங்களாக விரும்பிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸ் தொல்லை கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால், 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் இஷ்டப்பட்டுச் சேர்வது குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் எழுதி வைத்த சட்டம் ஒரு வழியாக ஒழிந்தது. கோர்ட் கதவு திறந்திருக்கிறது, வீட்டுக் கதவு?

மறுபடியும் அந்தச் சொல்லுக்கு வருவோம். ஒதுக்கப்பட்டவளின் வேதனையைச் சொல்ல டீ ரீஸ் தன் மொழி அகராதியில் கிடைத்த சொல்லை எடுத்துக்கொண்டார். ஒதுக்குகிறவன் பக்கம் நின்று வசையாக அதை அவர் வீசவில்லை. ஒதுக்கப்பட்டவளின் நெஞ்சில் அதைப் பெயர்ப் பலகையாய் மாட்டினார். அவர்மேல் நமக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தச் சொல் நம் சேரி மக்களின் பெயர். தீண்டத்தகாதவன் என்பது அதன் பொருள் அல்ல. அது அவர்களுக்கு இழைக்கப்பட்ட குற்றம். குற்றத்தையே பெயரின் பொருளாக எழுதியது யார் என்பதை இந்தப் படத்தை நம் மக்களுக்குக் காட்டுகிற ஒவ்வொருவரும் முதலில் எடுத்துச் சொல்லியாக வேண்டும். இங்கிலீஷ் பத்திரிகைகள் அந்தச் சொல்லைக் கைவிட வேண்டும் என்று பல காலமாக எழுப்பப்பட்டு வரும் குரலோடு நாமும் சேர்ந்துகொள்கிறோம்.

நம் சங்கங்கள் பல இடங்களில் படம் காட்டுகின்றன. மேதினத்துக்குக் காட்டுகிறோம், மாநாட்டுக்குக் காட்டுகிறோம். பஞ்சாலை விடுதிகளில் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் ஊரைவிட்டு வந்து தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு படம் எப்போது காட்டினோம்? இந்தக் கதையை அவர்களுக்குக் காட்டலாம். முழுப் படம் 2021இல் தட்டாகவும் வந்திருக்கிறது. இங்கிலீஷ் தெரிந்த தோழர் ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே போனால் போதும். பஸ் காட்சிக்கு அதுவும் தேவையில்லை. பெண்களை முன்வரிசையில் உட்காரவைத்து, ஆண்கள் பின்னால் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருமுறை, இரவு ஷிப்டுக்காரர்களுக்காக மறுநாள் காலையில் ஒருமுறை. பின்வரிசையிலிருந்து எவனாவது சீட்டி அடித்தால் படத்தை நிறுத்திவிட்டு, அவன் பாட்டன் தோளில் துண்டு எப்போது ஏறியது என்று கேளுங்கள். பிறகு விளக்கை அணைத்து, அந்தப் பஸ் காட்சியிலிருந்தே மறுபடி ஓட்டுங்கள்.